வெளி பெயின்ட்டுக்கு அனுமதி இல்லை! - நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் ஒரு பெயின்ட்பால் பஞ்சாயத்து

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து கார்களின் நம்பர் பிளேட்டை முதன்முறை படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப்போடும். 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ' என்ற பொருளில் ஒரு வாசகம் அதில் இருக்கும். மாநிலத்தின் அதிகாரபூர்வ முழக்கமே அதுதான். சொல்வதோடு நிற்பதும் இல்லை. பெரியவர்கள் காரில் சீட் பெல்ட் போட்டே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லாத ஒரே அமெரிக்க மாநிலம் இது. கடையில் பொருள் வாங்கினால் விற்பனை வரி கிடையாது. பக்கத்து மாசசூசெட்ஸ்காரர்கள் டிவி, லேப்டாப் வாங்க எல்லை தாண்டி வருவது இங்கே சகஜம்.

இப்படி சுதந்திரத்தை நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும் ஊரில்தான், காட்டுக்குள் இருக்கும் ஒரு பெயின்ட்பால் மைதானத்தின் வாசலில் அந்தப் பலகையைப் பார்த்தேன்: 'இங்கே வாங்கிய பெயின்ட் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.'

அக்டோபரில் நாஷுவா நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இலைகள் நிறம் மாறும் மாதம். மேப்பிள் மரங்கள் பாதி சிவப்பு, பாதி ஆரஞ்சு என நின்றுகொண்டிருக்க, அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நானும் இலை பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். 13 வயது அக்கா மகன் விடவில்லை. "இலையெல்லாம் கார்லயே பாத்துக்கலாம் சித்தி. பெயின்ட்பால் போலாம்" என்றான். அத்தான் வண்டி ஓட்ட, பக்கத்து வீட்டு அமெரிக்கப் பையனும் ஏறிக்கொண்டான். 17 வயது. வார இறுதிகளில் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் வேலை பார்த்து, சொந்தக் காசில் பெயின்ட்பால் துப்பாக்கி வாங்கியிருக்கிறான். மடியில் துப்பாக்கிப் பை, காலடியில் ஓர் அட்டைப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருந்தது பெயின்ட். வாசலில் பிரச்னை ஆனதும் அதுதான்.

மீன் எண்ணெய் மாத்திரையின் தம்பி

பெயின்ட்பால் தெரியாதவர்களுக்கு: இரண்டு அணிகள், காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, அதற்குள் வண்ணக் குண்டுகள். குண்டு உங்கள் மேல் பட்டு உடைந்து வண்ணம் தெறித்தால் நீங்கள் அவுட். கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடக்க வேண்டியதுதான்.

அந்தக் குண்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்தது. சின்ன வயதில் அம்மா விழுங்கச் சொல்லிக் கொடுப்பாரே, மஞ்சளாக, வழவழவென்று ஒரு மீன் எண்ணெய் மாத்திரை. அதே சாதிதான்! வெளி ஓடு ஜெலட்டின். உள்ளே தண்ணீரில் கழுவினால் போய்விடும் ஒரு கெட்டித் திரவமும் சாயமும். இதுபோன்ற மாத்திரைகளைச் செய்யும் இயந்திரத்தை 1930-களில் கண்டுபிடித்த ஆர்.பி.ஷெரரின் நிறுவனம்தான் ஆரம்ப காலத்தில் பெயின்ட் குண்டுகளையும் தயாரித்துக் கொடுத்தது. குண்டின் விட்டம் சுமார் 17 மில்லிமீட்டர். எடை மூன்று கிராம் அளவுக்கு. (ஜெலட்டின் என்பதால், சுத்த சைவக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு விளையாடுவது நல்லது. அசைவக்காரர்களும்தான். தெறித்தது என் உதட்டில் பட்டது. அவ்வளவு கசப்பு!)

ஜெலட்டினுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரம் அதிகமானால் உறிஞ்சி உப்பும். குளிரில் ஓடு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் கிடந்தால் உருண்டை வடிவம் போய், ஒரு பக்கம் அமுங்கி, உடையாமல் எகிறும். ஊறுகாய் ஜாடி மாதிரி பக்குவமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள் இது.

பையனின் பெட்டி ஆகஸ்ட்டில் இருந்து அவன் வீட்டு கார் ஷெட்டில் இருந்திருக்கிறது. பாதி காலி. மைதானத்தை நடத்துபவர் சத்தம் போடவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு குண்டை எடுத்தார். தலை உயரத்துக்குத் தூக்கி சிமென்ட் தரையில் போட்டார். அது பந்து மாதிரி எழும்பி ஓடியது. இன்னொன்று எடுத்துப் போட்டார். அதுவும் ஓடியது. மூன்றாவது மட்டும் உடைந்தது. பையன் எதுவும் பேசவில்லை.

உடையாத குண்டில் இரண்டு தொல்லை. முதலாவது, வலி. உடையும் குண்டு தன் வேகத்தில் ஒரு பகுதியை உடைவதிலேயே செலவழித்துவிடும். உடையாதது மொத்தத்தையும் உங்கள் தோலுக்குக் கொடுக்கும். இரண்டாவது, ஆட்டமே கெட்டுப்போகும். வண்ணம் ஒட்டினால்தானே அவுட்? சரியாகக் குறிபார்த்து அடித்தும் எதிராளி 'எனக்கு ஒண்ணும் ஆகலையே' என்று தொடர்ந்து ஓடுவார். அப்புறம் நீங்கள் இன்னும் பத்து குண்டுகளை அவர் மேல் கொட்டுவீர்கள்.

ஷோயப் அக்தரைவிட இரண்டு மடங்கு

உள்ளே போவதற்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒரு வேகமானிக்கு முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். வினாடிக்கு 280 அடி தாண்டக் கூடாது என்பது நாங்கள் போன மைதானத்தின் கணக்கு. பல மைதானங்களில் இதுதான் வழக்கம், பொதுவாக 300 அடியே உச்சவரம்பு. 280 அடி என்றால் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். கிரிக்கெட்டில் ஷோயப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் வீசிய அதிவேகப் பந்து மணிக்கு 161.3 கிலோமீட்டர். எடை மூன்றே கிராம் என்பதால் உயிர் பிழைக்கிறோம். ஆனால், கண்ணில் பட்டால் பார்வையே போகும். அதனால்தான் சீட் பெல்ட் கட்டாயம் இல்லாத இந்த மாநிலத்தில்கூட, மைதானத்துக்குள் முகக்கவசத்தை ஒரு விநாடி தூக்கினாலும் நடுவர்கள் பாய்ந்து வருகிறார்கள்.

இந்த வேகச் சோதனையில்தான் வெளி பெயின்ட் விவகாரத்தின் நுட்பம் ஒன்று இருக்கிறது. அதே துப்பாக்கி, அதே காற்றழுத்தம் என்றாலும் குண்டின் அளவு ஒரு நூல் மாறினால் குழாய்க்குள் அது பொருந்தும் விதம் மாறிவிடும். வேகமும் கூடலாம், குறையலாம். காலையில் மைதானத்துக் குண்டை வைத்து 280 என்று காட்டிவிட்டு, உள்ளே போய் பையில் இருக்கும் வேறு குண்டை நிரப்பினால், காலையில் எடுத்த அளவுக்கு அர்த்தமே இல்லை. எல்லாரும் ஒரே பெயின்ட் என்றால் இந்தத் தலைவலி இல்லை.

இதுவரை கேட்டதில் நான் முழுக்க மைதானத்தின் கட்சி. பழைய பெட்டியை உள்ளே விடக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால், பையன் கேட்ட அடுத்த கேள்வி என்னைக் கட்சி மாற வைத்தது. "நேத்து வாங்கின, சீல் பிரிக்காத பெட்டியா இருந்தா? நீங்க விக்கிற அதே பிராண்டா இருந்தா?"

அப்போதும் கூடாதாம்.

கல்லாவில் இருக்கிறது விஷயம்

நாங்கள் போன அன்று 2,000 குண்டுகள் கொண்ட பெட்டி மைதானத்தில் 85 டாலர். பையன் கடையில் வாங்கியது 50 டாலர், அதுவும் வரி இல்லாமல். இடைவெளி 35 டாலர். சூப்பர் மார்க்கெட் வேலையில் அது அவனுக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேர உழைப்பு. மாதம் மூன்று முறை விளையாடுகிறவனுக்கு இது சின்னத் தொகையே கிடையாது. இந்த விளையாட்டில் அவனோடு ஆரம்பித்த நண்பர்கள் இரண்டு பேர், பெயின்ட் செலவு கட்டுப்படியாகாமல் துப்பாக்கியை விற்றுவிட்டார்களாம். அவனுக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

நடத்துபவர் இதை மறைக்கவில்லை, அதைப் பாராட்ட வேண்டும். நிலம், காப்பீடு, நடுவர்களின் சம்பளம், காற்று நிரப்பும் இயந்திரம், நாள் முழுக்க எச்சில் பட்ட முகக்கவசங்களைக் கழுவி வைக்கும் வேலை... இதெல்லாம் நுழைவுக் கட்டணத்தில் தேறாது, பெயின்ட் லாபத்தில்தான் ஓடுகிறது என்றார்.

இந்த இடத்தில் உங்களுக்கு நம்மூர் தியேட்டர் ஞாபகம் வந்திருக்கும். டிக்கெட்டைவிட பாப்கார்னுக்கு அதிகம் கொடுத்துவிட்டுப் புலம்பாத தமிழ்க் குடும்பம் உண்டா? வெளி உணவை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சொல்ல தியேட்டர்காரர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பவற்றோடு. அத்தானும் இதைத்தான் சொன்னார். "அவங்க இடம், அவங்க ரூல். பிடிக்கலைன்னா போகாத."

எனக்கு அந்த ஒப்பீடு பாதி தூரம்தான் வருகிறது. நான் வீட்டில் இருந்து முறுக்கு கொண்டுபோய் தியேட்டரில் சாப்பிட்டால் அது என் வயிற்றோடு போச்சு. பக்கத்து சீட்காரர் மேல் போய் உடையாது. பெயின்ட் விஷயத்தில் நான் எதை வாங்குகிறேன், எவ்வளவு வாங்குகிறேன் என்பதை எதிரே ஒளிந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் தன் முதுகில் அனுபவிக்கிறார்.

'எவ்வளவு' என்பது எத்தனை முக்கியம் என்று ஆட்டத்துக்குள் போன பிறகுதான் புரிந்தது.

மரப்பலகைக்குப் பின்னால்

ஈர இலைகள், பைன் வாசனை, முகக்கவசத்துக்குள் நம் மூச்சே நமக்குச் சத்தமாகக் கேட்கும் ஒரு தனிமை. நானும் அக்கா மகனும் அடுக்கி வைத்த மரப்பலகைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தோம். எதிரணியில் இரண்டு பேர் பழைய கைகள். அவர்கள் வைத்திருந்த மின்னணுத் துப்பாக்கிகள் வினாடிக்குப் பத்து குண்டுகள்வரை சுடக்கூடியவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 குண்டுகள் கொண்ட பெட்டி 200 விநாடியில் தீர்ந்துவிடும், மூன்று நிமிடம் 20 விநாடி!

ஆனால், அவர்கள் அப்படிச் சுடவில்லை. மூன்று, நான்கு என்று அளந்துதான் விட்டார்கள். பலகையில் 'டக் டக் டக்' என்று விழும். அமைதி. நாங்கள் தலையை நீட்டுவோம். மறுபடி 'டக் டக்'. அந்த இடைவெளிகளில்தான் எங்களுக்கு ஆட்டமே இருந்தது. எட்டிப் பார்க்கவும், பக்கத்து மரத்துக்கு ஓடவும், ஒருமுறை தைரியமாகச் சுட்டு ஒருவரை அவுட் ஆக்கவும் (நான்தான், இவன்தான் என்று இன்னும் தகராறு தீரவில்லை) நேரம் கிடைத்தது. அடுத்த இரண்டாவது நிமிடம் என் தோளில் ஒன்று விழுந்தது. 'கொசுக்கடி மாதிரிதான்' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். தடித்த ரப்பர் பேண்டை முழுக்க இழுத்து விட்ட மாதிரி சுள்ளென்றது. ரூபாய் நாணயம் அளவுக்குக் கன்றிப்போய், நான் ஊர் திரும்பும்வரை இருந்தது.

பெயின்ட்டின் விலைதான் அவர்கள் விரலைப் பிடித்து வைத்திருந்தது என்று நினைக்கிறேன். வெளியில் இருந்து மலிவாகப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருந்தால், முதன்முறை வந்த ஒரு 13 வயதுப் பையன் பலகையைவிட்டு நகரவே முடியாமல் குண்டு மழையில் உட்கார்ந்திருந்து, 'இனிமே வேண்டாம் சித்தி' என்று வீட்டுக்கு வந்திருப்பான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அன்று முழுக்க நான் சுட்டது 200 குண்டுகள் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் கடைசியில் மைதானத்திலேயே ஒரு பெட்டி வாங்கி, அதில் முக்கால்வாசி காலி செய்தான். வெளி பெயின்ட்டை அனுமதித்தால் மைதானம் அந்த வருமானத்தை எங்கே தேடும்? நுழைவுக் கட்டணத்தில்தான் ஏற்றும். அப்போது பிறந்த நாள் கொண்டாட வந்த பள்ளிப் பிள்ளைகளும், என்னைப் போல ஒருநாள் வேடிக்கைக்கு வந்தவர்களும், அதிகம் சுடுபவர்களுக்காகச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். நிறையச் சுடுபவர் நிறையக் கொடுப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஹென்னிகரில் ஒரு சுற்று

திரும்பும் வழியில் அத்தானிடம் கெஞ்சி ஹென்னிகர் ஊருக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். சுமார் 6,000 பேர் வாழும் சின்ன ஊர். 'உலகிலேயே ஒரே ஹென்னிகர்' என்று ஊர் எல்லையில் பெருமையாகப் பலகை வைத்திருக்கிறார்கள். காண்டூக்குக் ஆறு ஊரின் நடுவே கற்களில் மோதிக்கொண்டு ஓடுகிறது. கல்லூரிப் பக்கம் ஆற்றின் மேல், கூரை போட்ட மரப்பாலம் ஒன்று இருக்கிறது. நடந்து போவதற்கு மட்டுமான பாலம். உள்ளே நின்றால் பலகை இடுக்குகள் வழியே வெயில் கோடு கோடாக விழுகிறது. அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரையை அங்கே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். (வெளி உணவுக்குத் தடை இல்லாத இடம்!)

இந்த ஊர்க் காட்டில்தான் 1981 ஜூன் 27 அன்று உலகின் முதல் பெயின்ட்பால் ஆட்டம் நடந்தது. எழுத்தாளர் சார்லஸ் கெயின்ஸ், நியூயார்க்கில் பங்கு வர்த்தகம் செய்த அவரது நண்பர் ஹேய்ஸ் நோயல், விளையாட்டுப் பொருள் விற்ற பாப் கர்ன்சி ஆகிய மூவருக்குள் ஒரு வாக்குவாதம். காட்டில் விட்டால் பிழைப்பது நகரத்துக்காரனா, கிராமத்துக்காரனா? அதைத் தீர்க்க அவர்கள் கையில் எடுத்தது நெல்சன் பெயின்ட் கம்பெனியின் 'நெல்ஸ்பாட் 007' என்ற துப்பாக்கி. வெட்ட வேண்டிய மரங்களிலும் மாடுகளிலும் தூரத்தில் இருந்தே அடையாளம் போடுவதற்காக விற்கப்பட்ட சாதாரண வேலைக் கருவி அது. அப்போதைய பெயின்ட் எண்ணெய் கலந்தது. துடைக்க டர்பன்டைன் வேண்டும். நல்லவேளை, நாம் அந்தக் காலத்தில் விளையாடவில்லை.

பன்னிரண்டு பேர் காட்டுக்குள் போனார்கள். எல்லா நிலையங்களில் இருந்தும் கொடிகளை எடுத்துக்கொண்டு முதலில் வெளியே வந்தவர் ரிச்சி ஒயிட் என்ற வனத்தொழிலாளர். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை!

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் பஞ்சாயத்துக்கு நேரடித் தொடர்புள்ளது. பாப் கர்ன்சி 'நேஷனல் சர்வைவல் கேம்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நெல்சன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, அந்தத் துப்பாக்கியையும் பெயின்ட்டையும் விற்கும் உரிமையை வாங்கிக்கொண்டார். மற்ற மாநிலங்களில் மைதானம் நடத்த விரும்பியவர்களுக்கு உரிமம் கொடுத்தார். துப்பாக்கி, பெயின்ட், கண்ணாடி எல்லாம் அவரிடம் இருந்துதான். ஆறே மாதத்தில் நிறுவனம் லாபத்துக்கு வந்துவிட்டது. அதாவது, 'எங்க பெயின்ட்தான்' என்பது இந்த விளையாட்டில் யாரோ இடையில் நுழைத்த விதி கிடையாது. பிறந்தபோதே கூடப் பிறந்தது.

அதற்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடாது. வாடகைத் துப்பாக்கியோடு புதியவர்கள் கலந்து விளையாடும் நாட்களில், வெளி பெயின்ட் வேண்டாம் என்று மைதானம் சொல்லட்டும். ஆனால், முன்பதிவு செய்யும்போதே பெயின்ட் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் காரில் வந்த பிறகு, உள்ளே நிற்கவைத்து விலை சொல்வது அடாவடி. சீல் பிரிக்காத பையை மாலையில் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மீந்த பெயின்ட் வீட்டுக்கு வரும், கார் ஷெட்டில் ஊறும், அடுத்த சீஸனில் வேறு யாருடைய முதுகிலோ எகிறும். (வீட்டில் நாய் இருந்தால் இன்னும் ஆபத்து. பெயின்ட் குண்டுகளைத் தின்றால் நாய்க்கு விஷம்.) அவர்கள் விற்கும் பெயின்ட்டையும் அந்த சிமென்ட் தரையில் போட்டுப் பார்க்க நமக்கு உரிமை வேண்டும். புத்தம் புதுப் பெட்டியைத் தடுக்கும்போது 'உங்க பாதுகாப்புக்குத்தான்' என்று சொல்லக் கூடாது. காசுக்குத்தான் என்று சொல்லிவிடலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

பழைய கைகளுக்கென்று மாதத்தில் ஒரு நாளாவது ஒதுக்கி, கொஞ்சம் கூடுதல் நுழைவுக் கட்டணத்தோடு சீல் பிரிக்காத வெளிப் பெட்டியை அனுமதிக்கலாம் என்பதும் என் கட்சி. வினாடிக்குப் பத்து குண்டுகள் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவர்கள் மட்டும் இருக்கும் நாள் அது. 17 வயதுப் பிள்ளைகள் துப்பாக்கியை விற்றுவிட்டுப் போனால், பத்து வருஷம் கழித்து அந்த மைதானத்தில் விளையாட யார் இருப்பார்கள்?

பாலத்தடியில் இதையெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தபோது பையன் புளியோதரையில் இருந்து நிலக்கடலையைத் தனியாகப் பொறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். கிளம்பும்போது மைதானத்தை நடத்துபவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம். சனிக்கிழமைகளில் நடுவராக வந்து நிற்கிறாயா? கொஞ்சம் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை விளையாடினால் நுழைவு இலவசம், பெயின்ட் அடக்க விலைக்கு. சூப்பர் மார்க்கெட்டில் சனிக்கிழமை ஷிஃப்ட்டை மாற்றித் தருவார்களா என்று கேட்க வேண்டும் என்றான்.

அக்கா மகன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "அப்போ நான் வந்தா எனக்கு அவுட் குடுக்க மாட்டேல்ல?"